குறைந்த விலை வெளிநாட்டு .22 பிஸ்டல் வாங்கலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024ஆம் ஆண்டு மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்களைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றதை நம் வீட்டுப் பிள்ளைகளும் பார்த்தார்கள். துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஆசை வந்த பிள்ளைகள் முதலில் கேட்பது, "நமக்கென்று ஒரு பிஸ்டல் வாங்க முடியுமா?" என்பதுதான். வெளிநாட்டில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் .22 பிஸ்டல்களைப் பற்றிய வீடியோக்கள் கைபேசியில் வந்து குவிகின்றன. தூத்துக்குடி மாவட்டத்தின் ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் வட்டாரத்து இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும் எழக்கூடிய சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே.

ரிம்ஃபயர் பிஸ்டல் என்றால் என்ன? விளையாட்டில் அதற்கு ஏன் இத்தனை மதிப்பு?

தோட்டாவின் அடிப்பகுதியில் மெல்லிய விளிம்பு ஒன்று இருக்கும். தட்டினால் தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். சுடும் ஊசி விளிம்பில் அடித்ததும் மருந்து பற்றி, குண்டு பாயும். விளிம்பில் தீப்பற்றுவதால் ரிம்ஃபயர் என்ற பெயர் வந்தது. 'பாயிண்ட் டூ டூ' என்று எல்லாரும் சொல்லும் .22 லாங் ரைபிள் தோட்டா 1887 முதல் புழக்கத்தில் இருக்கிறது. விலை குறைவு, சத்தம் குறைவு, கையில் உதைப்பும் குறைவு. ஒரே நாளில் நூறு முறை சுட்டாலும் மணிக்கட்டு சோராது. அதனால் ஒலிம்பிக்கின் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளுக்கு இந்தத் தோட்டாதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற ரேபிட் ஃபயர் போட்டியும், 2018 ஆசிய விளையாட்டில் ராஹி சர்னோபத் தங்கம் வென்ற 25 மீட்டர் பிஸ்டல் போட்டியும் இந்த வகைப் பிஸ்டலால் ஆடப்படுபவை.

சின்னத் தோட்டா என்று அலட்சியம் கூடாது. குண்டின் எடை இரண்டரை கிராம் அளவுதான். ஆனால் அது ஒன்றரை கிலோமீட்டர் வரை பறக்கும், ஆளைக் கொல்லும். இந்தியச் சட்டத்தின் பார்வையில் .22 பிஸ்டல் முழுமையான துப்பாக்கி.

வெளிநாட்டில் விலை மலிவு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 1949இல் தன் முதல் .22 பிஸ்டலை 37 டாலர் 50 செண்டுக்கு விற்றுத்தான் பெயர் வாங்கியது. அதன் வழிவந்த மாடல்களும் பிரௌனிங் பக் மார்க்கும் இன்றும் அங்கே நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கின்றன. சோவியத் நாட்டின் மார்கோலின் பிஸ்டலும் இஷெவ்ஸ்க் ஆலையின் இஷ்-35 பிஸ்டலும் குறைந்த செலவில் போட்டித் தரத்தை எட்டியவை. மார்கோலினை வடிவமைத்த மிகைல் மார்கோலின் இளமையிலேயே பார்வையை இழந்தவர். உறுப்புகளின் மாதிரியை விரலால் தடவிப் பார்த்தே அந்தப் பிஸ்டலை உருவாக்கினார். இத்தாலியின் பார்டினி, சுவிட்சர்லாந்தின் மொரினி, ஜெர்மனியின் வால்தர் ஆகியவை விலை உயர்ந்த உச்ச ரகங்கள்.

ஆனால் அந்த ஊர் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு இங்கே கணக்குப் போட முடியாது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி நம் நாட்டில் நிறுத்தப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அதற்கு முன் வந்த பழைய துப்பாக்கிகளே கை மாறிக் கொண்டிருக்கின்றன. வரத்து இல்லாததால் அங்கே சில நூறு டாலர் பெறும் பொருள் இங்கே லட்சக்கணக்கில் விலை போகிறது.

இணையத்தில் ஆர்டர் செய்து கூரியரில் வரவழைக்கலாமா? வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வரும்போது கொண்டு வரலாமா?

இரண்டுமே கூடாது. துப்பாக்கியையோ தோட்டாவையோ நாட்டுக்குள் கொண்டுவர ஆயுதச் சட்டப்படி முன்கூட்டியே உரிமம் வேண்டும். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். இவை இல்லாமல் வரும் பார்சல் சுங்கத்தில் பறிமுதல் ஆகும். பெயர் எழுதியிருப்பவர் மீது வழக்கும் வரும். முழுத் துப்பாக்கியாக இல்லாமல் உதிரி பாகமாக வரவழைத்தாலும் இதே நிலைதான்.

வெளிநாட்டில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர், அங்கே தாம் சட்டப்படி வைத்திருந்த துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவர விதிகளில் இடம் இருக்கிறது. இந்திய உரிமம், சுங்க வரி, கைமாற்றத் தடை என்று அதற்குப் பல நிபந்தனைகள் உண்டு. விடுமுறைக்கு வருகிறவருக்கு அந்த வழியும் கிடையாது. வேலை பார்க்கும் நாட்டின் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். சிங்கப்பூரில் துப்பாக்கிக் குற்றத்துக்கு மரண தண்டனை வரை உண்டு. தம்பி ஆசைப்பட்டான் என்பதற்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பையே பணயம் வைக்க வேண்டாம்.

அலங்காரத்துக்கு என்று வாங்கிய ஒற்றைத் தோட்டாவைப் பையில் மறந்து வைத்துவிட்டு வாகைக்குளம், மதுரை விமான நிலையங்களுக்குப் போனாலும் சிக்கல்தான். தோட்டாவுக்கும் உரிமம் தேவை.

ஏரலில் குடியிருப்பவர் உரிமம் கேட்டு யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?

1986 அக்டோபர் 20 அன்று பழைய திருநெல்வேலி மாவட்டம் பிரிந்தபோது ஏரல் வட்டாரம் தூத்துக்குடி மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆகவே உரிமம் வழங்கும் அதிகாரி தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர். பாளையங்கோட்டைக்கோ நெல்லை மாநகருக்கோ குடிமாறியிருந்தால் மாநகரக் காவல் ஆணையரிடம் கேட்க வேண்டும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் அடிப்படை. விண்ணப்பதாரருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். அடையாளம், முகவரிச் சான்றுகளுடன் உடல், மனநலம் குறித்த மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று, வீட்டில் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி ஆகியவையும் தேவை. காவல் நிலைய விசாரணை நடக்கும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணமும் திருப்தியாக இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பின் உறுப்பினராக இருந்து, இலக்குப் பயிற்சிக்காகக் கேட்பது சட்டமே ஏற்றுக்கொள்ளும் காரணம். "வீட்டில் ஒன்று இருக்கட்டும்" என்பது காரணமாகாது. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம், முன்பு மூன்று. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீண்டது. உரிமம் கையில் வரும் முன் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

ஒரு விளையாட்டுக் கருவிக்கு ஏன் இத்தனை கெடுபிடி?

இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி நம் மாவட்ட வரலாற்றிலேயே இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த 1801ஆம் ஆண்டு டிசம்பரில், தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் செய்தார். 1878இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கு தந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் மீது வாஞ்சிநாதன் சுட்டது வெளிநாட்டில் செய்த பிரௌனிங் பிஸ்டலால்தான். அவருக்குப் புதுச்சேரியில் சுடக் கற்றுக்கொடுத்த வ.வே.சு. ஐயர் 1925இல் பாபநாசத்தில், நம் தாமிரபரணியின் அருவியில் உயிர் நீத்தார்.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிறவேற்றுமைக்கு இடமில்லை. ஆனால் அதுவும் உரிமக் கட்டாயத்தை வைத்துக்கொண்டது. அன்று ஆள்பவர் அச்சத்தில் பிறந்த விதி இன்று மக்கள் பாதுகாப்புக்காக நிற்கிறது. சாதிப் பகையில் எத்தனையோ உயிர்களைப் பறிகொடுத்த நெல்லை, தூத்துக்குடி ஆகிய நம் இரு மாவட்டங்களுக்கு, துப்பாக்கி எளிதில் கிடைக்காமல் இருப்பது நன்மையே. விளையாட்டு வீரருக்கு இதனால் வரும் தாமதம் உண்மைதான். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

அப்படியானால் வெளிநாட்டுப் பிஸ்டலோடு போட்டிக்கு வருகிறவர்கள் எப்படி வாங்குகிறார்கள்?

மதிப்பெண்ணால் வாங்குகிறார்கள். 1951இல் தொடங்கிய இந்திய தேசிய ரைபிள் சங்கம்தான் இந்த விளையாட்டின் தலைமை அமைப்பு. தமிழ்நாடு துப்பாக்கி சுடும் சங்கம் அதன் மாநிலப் பிரிவு. கிளப் போட்டி, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று ஏறி, தேசிய அளவில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தவரை விதிகள் 'ரினவுண்ட் ஷாட்', அதாவது தகுதி நிலைநாட்டிய வீரர் என்று வகைப்படுத்துகின்றன. அவருக்குச் சங்கத்தின் பரிந்துரையோடு, தம் போட்டிக்கு உரிய துப்பாக்கியையும் தோட்டாவையும் இறக்குமதி செய்ய வழி உண்டு. சுங்க வரிச் சலுகையும் உண்டு.

2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பு இந்தச் சலுகையைப் பெரிதாக்கியது. ஒரு போட்டியில் இந்தத் தகுதி பெற்றவர் எட்டு, இரண்டு போட்டிகளில் பெற்றவர் பத்து, அதற்கும் மேல் என்றால் பன்னிரண்டு துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். வளரும் வீரர்களுக்கும் இளையோருக்கும் இரண்டு. விளையாட்டுக்காகக் கிடைத்த இந்தச் சலுகையை வைத்து வாங்கி விற்பது குற்றம்.

பழைய பிஸ்டல் ஒன்றை உள்ளூரில் வாங்கலாமா?

உரிமம் இருந்தால் வாங்கலாம். சொந்தத் துப்பாக்கியை விற்க நினைப்பவர் 45 நாள் முன்னதாக மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாங்குபவரின் உரிமத்தில் அந்த வகை குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். தந்தை இறந்து, அவருடைய துப்பாக்கி வீட்டில் கிடக்கிறது என்றால் உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வது குற்றம்.

வாங்கும் முன் உங்கள் பயிற்சியாளரைக் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். உரிமப் புத்தகத்திலும் பிஸ்டலிலும் உள்ள எண் ஒன்றாக இருக்கிறதா, குழலின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறதா, தோட்டா அமரும் அறையின் விளிம்பில் ஊசி அடித்த தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிம்ஃபயர் பிஸ்டலில் தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகினால் அந்த விளிம்பு கெட்டுப்போகும். உதிரி பாகம் கிடைக்காத பழைய மாடல் எவ்வளவு மலிவானாலும் வீண்செலவு.

போட்டிக்கு என்ன அளவு இருக்க வேண்டும்? உள்நாட்டு .22 ரிவால்வர் உதவாதா?

25 மீட்டர் பிஸ்டலுக்கு உலக சுடுதல் கூட்டமைப்பு வைத்திருக்கும் விதி இது: எடை 1,400 கிராமுக்கு மேல் கூடாது. குழல் 153 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. விசையை இழுக்கக் குறைந்தது 1,000 கிராம் அழுத்தம் தேவைப்பட வேண்டும். முழுப் பிஸ்டலும் 300க்கு 150க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும்.

இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் 'நிடர்' .22 ரிவால்வர் உள்நாட்டுத் தயாரிப்பு. அது தற்காப்புக்காகச் செய்யப்பட்டது. குட்டையான குழலும் சின்னக் குறிமுனையும் கொண்ட அதை வைத்து 25 மீட்டரில் மதிப்பெண் சேர்க்க முடியாது. போட்டி ஆசையில் அதை வாங்க வேண்டாம்.

உரிமம் இல்லாமல் தொடங்க வழியே இல்லையா?

இருக்கிறது. அதுதான் எல்லாரும் போக வேண்டிய வழி. குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்று காட்டி, பில்லோடு கடையில் வாங்கலாம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ஒலிம்பிக் போட்டிகளில் ஒன்று. மனு பாக்கர் பாரிஸில் தனிநபர் வெண்கலம் வென்றதும், சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து இரண்டாவது வெண்கலம் வென்றதும் இதில்தான். .22 பிஸ்டலால் ஆடும் 25 மீட்டரில் அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம்.

ஏர் பிஸ்டல் குறியின் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர் அகலம்தான். அதை அடிக்கக் கை நிலைத்தால் .22 பிஸ்டலுக்கு மாறுவது எளிது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் உள்நாட்டு ஸ்பிரிங் பிஸ்டல் விசைப் பழக்கத்துக்குப் போதும். அழுத்தக் காற்றில் இயங்கும் வெளிநாட்டுப் போட்டிப் பிஸ்டலின் விலை லட்சத்தைத் தாண்டும். பல கிளப்களில் உறுப்பினர்கள் பகிர்ந்து பயன்படுத்துகிறார்கள். பழையது வாங்கினால் காற்றுச் சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் ஆண்டைப் பாருங்கள். காலாவதியான சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். வெடிக்கும் அபாயமும் உண்டு.

வாழைத் தோட்டத்தில் பன்றியும் மயிலும் நாசம் செய்கின்றன. பயிற்சியும் ஆகும், விரட்டினதும் ஆகும் என்று தோட்டத்தில் சுடலாமா?

கூடவே கூடாது. விவசாயிகளின் வேதனை நியாயமானது. ஆனால் காட்டுப்பன்றியும் மயிலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. மயில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியைச் சுடுவதற்கு 2025ஆம் ஆண்டு தமிழக அரசு வழி செய்தது. அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். புகாரை வனத்துறையிடம் கொடுங்கள்; இழப்பீட்டுக்கும் மனுச் செய்யுங்கள்.

ஏர் கன்னால் கொக்கையும் நாரையையும் சுடுவதும் குற்றமே. பெருங்குளத்துக்கும் கடம்பாகுளத்துக்கும் வலசை வரும் பறவைகள் நம்மை நம்பி இறங்குகின்றன. வல்லநாட்டு வெளிமான்களும் நம்மை நம்பியே வாழ்கின்றன. இலக்குப் பயிற்சி என்பது பின்னால் மண்மேடோ இரும்புத் தடுப்போ உள்ள அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில் மட்டுமே நடக்க வேண்டும். ஆற்றங்கரையில் தண்ணீரை நோக்கிச் சுட்டால் குண்டு தெறித்து அக்கரை மனிதரைத் தாக்கும்.

வீட்டில் எப்படி வைப்பது? வெள்ளம் வந்தால் என்ன செய்வது?

பிஸ்டலைத் தோட்டா இல்லாமல் பூட்டிய இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். தோட்டாவுக்குத் தனிப்பெட்டி, தனிச்சாவி. பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது. தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னால் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கொடை விழாவிலும் கல்யாண வீட்டிலும் வானத்தை நோக்கிச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குண்டில் உள்ள ஈயம் நஞ்சு.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பாலமே உடைந்ததை ஏரல் மறக்காது. அப்படி ஒரு வெள்ளத்தில் உரிமப் புத்தகம் போய்விட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த ரசீதோடு நகல் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிஸ்டலே அடித்துச் செல்லப்பட்டால் அன்றே தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்த யாரோ செய்யும் குற்றத்துக்கு நீங்கள் பதில் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது. நனைந்த பிஸ்டலைச் சுட்டுப் பார்க்காதீர்கள். குழலில் சேறு அடைத்திருந்தால் வெடிக்கும். நனைந்த தோட்டாவைக் குளத்திலோ ஆற்றிலோ வீசாமல் ஆயுதக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படையுங்கள்.

உரிமம் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால்?

அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள். உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. சட்டவிரோதமாகச் செய்வதற்கும் விற்பதற்கும், பொம்மைத் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றுவதற்கும் குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள் வரைகூடப் போகலாம். ஒருமுறை வழக்கு பதிவானால் பாஸ்போர்ட்டும் அரசு வேலையும் பிறகு சட்டப்படி உரிமம் பெறும் வாய்ப்பும் கெடும். விளையாட்டு வாழ்க்கை அங்கேயே முடிந்துவிடும்.

என் மகளுக்கு 15 வயது. எங்கிருந்து தொடங்குவது?

21 வயது முடியாதவருக்குச் சொந்த உரிமம் கிடையாது என்றாலும், விதிகளின்படி, பயிற்சியாளர் மேற்பார்வையில் சுடுதளத்தில் பழக அனுமதி உண்டு. தமிழ்நாடு துப்பாக்கி சுடும் சங்கத்தில் இணைந்த கிளப் எது என்று உறுதிசெய்து, அவளை உறுப்பினராக்குங்கள். முதல் ஆண்டு ஏர் பிஸ்டல் போதும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும், புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமானும் ஒலிம்பிக் களத்தில் நின்றவர்கள். தமிழ் மண்ணுக்கு இந்த விளையாட்டு அன்னியம் இல்லை.

ஒரு வேண்டுகோள் அரசுக்கு. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தளத்துக்குப் பெரிய மைதானம் வேண்டாம். ஒரு நீளமான கூடமும் பின்னால் இரும்புத் தடுப்பும் போதும். ஏரலிலோ ஸ்ரீவைகுண்டத்திலோ அரசுப் பள்ளி ஒன்றில் அப்படி ஒரு தளமும் ஒரு பயிற்சியாளரும் இருந்தால், விவசாயி வீட்டுப் பிள்ளையும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையும் இந்த விளையாட்டுக்குள் வர முடியும்.

பெற்றோருக்கு ஒன்று. வெளிநாட்டு .22 பிஸ்டல் பிள்ளையின் கடைசிப் படியாக இருக்கட்டும், முதல் படியாக வேண்டாம். இப்போது பிஸ்டலுக்கு ஒதுக்க நினைத்த பணத்தைப் பயிற்சிக் கட்டணத்துக்கும் போட்டிகளுக்குப் போய்வரும் செலவுக்கும் ஒதுக்குங்கள்.